எஃப்1 அழுத்தினால் போய்விடும்: ஒரு பழைய லேப்டாப்பை வேலைக்குத் தயார் செய்த மூன்று நாள் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது பெங்களூரில் ஒரு வியாழக்கிழமை மாலை தொடங்கி அடுத்த திங்கட்கிழமை காலை முடிந்த விஷயம். சம்பந்தப்பட்டவர் தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த 23 வயதுப் பெண். பி.எஸ்சி. கணிதம் முடித்து, அதன்பிறகு தானாகவே புரோகிராமிங் படித்து, ஒரு சிறிய நிறுவனத்தில் பயிற்சியாளராக வேலை வாங்கியிருந்தார். முதல் சில மாதங்களுக்குச் சொந்த லேப்டாப்தான் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கிட், நோட், பைத்தான், ஜாவா, மேவன், விஎஸ் கோட் என்ற புரோகிராமிங் மென்பொருள்களை எல்லாம் போட்டு, பயிற்சிக்கான ப்ராஜெக்டை கிட்ஹப்பிலிருந்து (நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளம்) இறக்கி, அது ஓடுகிற நிலையில் திங்கள் காலை வர வேண்டும்.

எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் 24,000 ரூபாய்க்கு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கினார். 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. கடைப் பையன் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கிறான்: "ஆன் பண்ணும்போது ஏதாவது எழுத்து வந்தா எஃப்1 அழுத்துங்க, போயிடும்."

நான் இந்த ஊரில் 19 வருடமாக மென்பொருள் வேலையில் இருக்கிறேன். அந்தப் பெண்ணின் சித்தி அல்சூரில் எங்கள் தெருவில் குடியிருக்கிறார். அந்தப் பழக்கத்தில்தான் சனிக்கிழமை காலை அவர் என் வீட்டுக்கு வந்தார். நடந்ததை அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை இரவு நடந்தது

அவருடைய போனில் இருந்த வாட்ஸாப் உரையாடலை வைத்து இதை வரிசைப்படுத்திக்கொண்டோம்.

மாலை 7 மணிக்குள் எல்லா மென்பொருளையும் இறக்கி, மேவன் தவிர மற்றதையெல்லாம் நிறுவிவிட்டார். எதிலும் தகராறு இல்லை. 8 மணிக்கு கரண்ட் போனது. மாரத்தஹள்ளியில் அவர் தங்கியிருக்கும் பிஜி விடுதியில் ஜெனரேட்டர் விளக்குக்கும் ஃபேனுக்கும்தான். பிளக் பாயின்டுக்கு வராது. பழைய பேட்டரி, 40 நிமிடத்தில் லேப்டாப் அணைந்தது.

10 மணிக்கு கரண்ட் வந்து, ஆன் செய்து, எஃப்1 அழுத்தி, ப்ராஜெக்டை கிட்டில் இறக்கப் பார்த்தார். "சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை" என்ற பொருளில் ஒரு பிழை வந்தது. கோவையில் இருக்கும் பெரியம்மா மகனுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். அந்த அண்ணனும் இதே துறைதான். அவர் உடனே ஒரு வரி அனுப்பினார். அதைப் போட்டதும் ப்ராஜெக்ட் இறங்கியது. நோடுக்கான துணை நிரல் பொதிகளை இறக்கும் என்பிஎம்மில் அதே பிழை, அதற்கு ஒரு வரி. பைத்தானுக்கு அதே வேலையைச் செய்யும் பிப்பில் அதே பிழை, அதற்கும் ஒரு வரி. நோட் ஓட்டும்போது இன்னொன்று. நான்கு வரிகளும் செய்தது ஒன்றைத்தான்: எதிர்முனையில் இருக்கும் சர்வர் உண்மையில் அதுதானா என்று சான்றிதழைப் பார்த்துச் சரிபார்ப்பதை நிறுத்தின.

அப்புறம் மேவன். அது ஜிப் கோப்பாக வரும்; பிரித்து ஒரு இடத்தில் வைத்துவிட்டு, அந்த இடத்தை பாத்தில் (எந்த மென்பொருள் எங்கே இருக்கிறது என்று விண்டோஸ் தேடும் பட்டியல்) நாமே சேர்க்க வேண்டும். அதற்கு செட்எக்ஸ் என்ற கட்டளையைப் பயன்படுத்தச் சொன்னார் அண்ணன். கட்டளை 'வெற்றி' என்று பதில் சொன்னது. ஆனால் புது டெர்மினலை (கட்டளை எழுதும் ஜன்னலை) திறந்தால் மேவனும் இல்லை, அதுவரை ஓடிக்கொண்டிருந்த பைத்தானும் இல்லை, விஎஸ் கோடும் இல்லை.

காரணம் தேடலாம் என்று நள்ளிரவில் பிரௌசரைத் திறந்தபோது, உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று அது சொன்னது. தேதி 2018 ஜனவரி 1 என்று இருந்தது. கையால் சரியான தேதி வைத்தார், பிரௌசர் வேலை செய்தது. அந்தத் தேதிக்கும் 10 மணிக்கு வந்த பிழைக்கும் தொடர்பு இருக்கும் என்று அந்த நேரத்தில் இருவருக்கும் தோன்றவில்லை. தூக்கக் கலக்கத்தில், வேலை பற்றிய பயத்தில் யாருக்கும் தோன்றியிருக்காது.

சனிக்கிழமை காலை: மூடாமல் விட்ட ஜன்னல்

9 மணிக்கு வந்தார். லேப்டாப்பை அணைக்காமல், மூடி மட்டும் போட்டு எடுத்து வந்திருந்தார். பேட்டரி 6 சதவீதம். முதலில் சார்ஜரை மாட்டினோம்.

அவர் சொன்ன குறைகள் இரண்டு. பைத்தானும் விஎஸ் கோடும் காணாமல் போனது ஒன்று. என்பிஎம் இன்ஸ்டால் பாதியில் 'அனுமதி இல்லை' என்று நின்றுவிடுவது இன்னொன்று. சான்றிதழ் பற்றி அவர் சொல்லவே இல்லை. அது தீர்ந்துபோன விஷயம் என்று நினைத்திருந்தார்.

என் வாயில் முதலில் வந்தது, "சரிம்மா, ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணு" என்பதுதான். அவர் பட்டனில் கை வைத்தவர், தயங்கி, "அக்கா, ஒண்ணு சொல்லவா? நேத்து திறந்த ஜன்னல்ல பைத்தான் இன்னும் வருது. புதுசா திறந்தாத்தான் வரல" என்றார்.

அந்த ஒரு கவனிப்புதான் பாதி வேலையை முடித்தது. ஒரு டெர்மினல் திறக்கும் நொடியில் பாத் என்னவோ அதைத்தான் அது கடைசிவரை வைத்துக்கொள்ளும். செட்எக்ஸ் மாற்றுவது இனிமேல் திறக்கப்போகும் ஜன்னல்களுக்கு மட்டும். அதாவது, முந்தைய நாள் ஜன்னலுக்குள் கெடாத பழைய பாத் முழுசாக இருக்கிறது. ரீஸ்டார்ட் செய்திருந்தால் அது போயிருக்கும்.

இரண்டு ஜன்னல்களிலும் பாத்தை அச்சிட்டு, நோட்பேடில் மேலும் கீழுமாக ஒட்டிப் பார்த்தோம். பழையது சுமார் 1400 எழுத்து. கடைக்காரர்கள் என்னென்னவோ மென்பொருளைப் போட்டே விற்றிருந்ததால் அவ்வளவு நீளம். புதியதில், பயனருக்கு உரிய பகுதி இப்படி முடிந்திருந்தது: சி டிரைவ், யூசர்ஸ், அவர் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், அப்புறம் 'ப்ரோ'. 'ப்ரோகிராம்ஸ்' என்ற சொல் பாதியில் அறுந்து நின்றது. அதற்குப் பின்னால் இருந்திருக்க வேண்டிய பைத்தான், விஎஸ் கோட், கடைசியாகச் சேர்த்த மேவன் எதுவும் இல்லை.

செட்எக்ஸ் 1024 எழுத்துக்கு மேல் சேமிக்காது. மீதியை வெட்டிவிடும். வெட்டிவிட்டேன் என்று ஒரு எச்சரிக்கை வரி காட்டும், அடுத்த வரியிலேயே 'வெற்றி' என்றும் காட்டும். வெள்ளி இரவு ஸ்கிரீன்ஷாட்டில் இரண்டு வரிகளும் இருந்தன. படித்தது இரண்டாவதை மட்டும். இன்னொரு கெடுதலும் உண்டு. சிஸ்டம் பாத்தும் பயனர் பாத்தும் தனித்தனியாகச் சேமிக்கப்படுபவை; டெர்மினலில் சிஸ்டம் பாத் முன்னாலும் பயனர் பாத் பின்னாலும் ஒன்றாகச் சேர்ந்து தெரியும். அந்த மொத்தத்தையும் செட்எக்ஸ் கட்டளைக்குள் கொடுத்தால், எல்லாம் பயனர் பகுதிக்குள் போய் உட்கார்ந்துவிடும். வெட்டு விழுவது கடைசியில் இருக்கும் பயனருடைய சொந்த வரிகளில்.

பழைய ஜன்னலில் இருந்ததை நோட்பேடில் சேமித்து, போனிலும் ஒரு படம் எடுத்துக்கொண்டோம். சிஸ்டம் பகுதி கெடாமல் இருந்ததால் அதைத் தொடவில்லை. பயனர் பகுதியை மட்டும், விண்டோஸ் அமைப்பில் ஒவ்வொரு வரியாகக் காட்டும் பெட்டியில் கையால் திரும்ப எழுதினோம். மேவன் வரியையும் அங்கேயே சேர்த்தோம். புது டெர்மினலில் ஆறு மென்பொருளும் தங்கள் பதிப்பு எண்ணைச் சொன்னபோது மணி பத்தரை.

நான் தவறாகச் சந்தேகப்பட்டது

என்பிஎம் பிழையில் நான் ஒரு மணி நேரத்தை வீணாக்கினேன். 'அனுமதி இல்லை' என்றதும் ஆன்டிவைரஸ்தான் கோப்பைப் பிடித்து வைத்திருக்கிறது என்று முடிவு கட்டி, ப்ராஜெக்ட் ஃபோல்டருக்கு விலக்கு கொடுத்து, அழித்து, மறுபடி போட்டு, மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் வெவ்வேறு கோப்பில் நின்றது.

விடை அவர் வேறு எதையோ பேசும்போது வந்தது. "நேத்து ராத்திரி 12 மணிக்கு மேலதான் இன்னைக்கு டேட்டா வந்துச்சு. விடியறதுக்குள்ள 1.5 ஜிபியும் தீர்ந்துடுச்சுக்கா. நான் ஒண்ணும் பெரிசா இறக்கல." லேப்டாப்பை போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தபடியே தூங்கியிருக்கிறார். ப்ராஜெக்ட் டெஸ்க்டாப்பில் இருந்தது. அந்த டெஸ்க்டாப் எங்கே என்று பார்த்தால், மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான (மேகம், அதாவது கிளவுட்) ஒன்டிரைவின் ஃபோல்டருக்குள். விண்டோஸ் 11-ஐ முதல் முறை அமைக்கும்போது கணக்கில் நுழைந்தால், டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் மேகத்துக்கு நகலெடுக்கும் ஏற்பாடு பலருக்கும் தெரியாமலே தொடங்கிவிடுகிறது. என்பிஎம் பொதிகளை வைக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரில் பல்லாயிரம் குட்டிக் கோப்புகள். என்பிஎம் ஒவ்வொன்றையும் எழுதி, பெயர் மாற்றி, நகர்த்தும்போதே ஒன்டிரைவ் அதை மேலே ஏற்றப் பார்க்கிறது. ஒரே கோப்பை இருவர் பிடித்து இழுத்தால் ஒருவருக்கு 'அனுமதி இல்லை' என்றுதான் வரும்.

ப்ராஜெக்டை சி டிரைவில் 'வேலை' என்ற பொருள்படும் சிறிய ஆங்கிலப் பெயரில், இடைவெளி இல்லாத ஒரு ஃபோல்டருக்கு மாற்றினோம். என்பிஎம் முதல் முயற்சியிலேயே முடிந்தது. ஆன்டிவைரஸுக்குக் கொடுத்த விலக்கை எடுத்துவிட்டேன். பலன் தராத மாற்றத்தை அப்படியே விடக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பிற்பகல் நடந்தது அந்தப் பிடிவாதத்தை இன்னும் இறுக்கியது.

பிற்பகல்: ஓடக்கூடாதது ஓடியது

சாப்பிடப் போனோம். சார்ஜர் மாட்டியிருந்த சுவிட்ச் அணைந்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது லேப்டாப் முழுதாக இறங்கி அணைந்திருந்தது. சுவிட்சைப் போட்டு ஆன் செய்தோம். கருப்புத் திரையில் இரண்டு வெள்ளை வரிகள் வந்தன. நான் கண்ணாடியை எடுத்துப் போடுவதற்குள் அவர் விரல் எஃப்1-இல் விழுந்து, திரை மாறிவிட்டது.

"என்னம்மா எழுதியிருந்தது?"

"தெரியலக்கா. எஃப்1 அழுத்தினா போயிடும்."

விண்டோஸ் வந்தது. கடிகாரத்தில் மறுபடி 2018 ஜனவரி 1. பிரௌசரில் எந்தத் தளமும் திறக்கவில்லை. இதில் ஆச்சரியம் இல்லை. ஒவ்வொரு சான்றிதழிலும் எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை செல்லும் என்று இருக்கும். பொது வலைத்தளங்களுக்கான சான்றிதழ் 398 நாளைத் தாண்டக் கூடாது என்பது 2020 செப்டம்பரில் வந்த விதி. 2026 மார்ச் 15-இலிருந்து வழங்கப்படுபவற்றுக்கு 200 நாள்தான். ஆகவே 2018-இல் நிற்கும் கணினிக்கு இன்று பொது வலைத்தளங்களில் இருக்கும் சான்றிதழ் எதுவுமே இன்னும் பிறக்காத ஒன்று. விண்டோஸ் தானாக நேரத்தைத் திருத்தாதா என்றால், நிறுவன நெட்வொர்க்கில் சேராமல் தனியாக இருக்கும் கணினியில் வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் போனால் அதன் நேரச் சேவை இயல்பாகத் திருத்த மறுத்துவிடும். இங்கே வித்தியாசம் பல வருடம்.

நான் தேதியை மாற்றப் போகும் முன், அவர் பழக்கத்தில் டெர்மினலைத் திறந்து கிட் புல் (புதிய மாற்றங்களை இறக்கும் கட்டளை) கொடுத்தார். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கிட் வேலை செய்தது.

எனக்குத் திக்கென்றது அங்கேதான். பிரௌசர் மறுக்கும் அதே சான்றிதழை கிட் எப்படி ஏற்றது? ஏற்கவில்லை, பார்க்கவே இல்லை. கிட்டின் அமைப்புகளை, எந்தக் கோப்பிலிருந்து வருகிறது என்பதோடு சேர்த்துக் காட்டச் சொன்னேன். சான்றிதழ்ச் சரிபார்ப்பைக் குறிக்கும் எஸ்எஸ்எல் வெரிஃபை என்பதற்கு நேராக ஃபால்ஸ், அதாவது வேண்டாம். என்பிஎம்மில் ஸ்ட்ரிக்ட் எஸ்எஸ்எல், ஃபால்ஸ். பிப்பில், சரிபார்க்காமலே ஏற்க, நம்பத்தகுந்த தளங்கள் என்று இரண்டு பெயர்கள். நோடுக்கு ஒரு சூழல் மாறி (மென்பொருள்கள் பார்த்துக்கொள்ள விண்டோஸ் வைத்திருக்கும் அமைப்பு), பூஜ்யம். "இது போட்டதிலேர்ந்து நோட் ஓட்டும்போதெல்லாம் ஏதோ எச்சரிக்கை வரி வருதுக்கா, அது எல்லாருக்கும் வரும்னு நினைச்சேன்" என்றார். பாதுகாப்பற்ற இணைப்பு என்று ஒவ்வொரு முறையும் நோட் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடலாமா என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. வேண்டாம் என்று முடிவு செய்தோம். தேதி தவறுவது வன்பொருளில் இருக்கும் கோளாறு; புது விண்டோஸும் அடுத்த கரண்ட் கட்டில் 2018-க்குப் போகும், அதே பிழைகள் வரும், அதே நான்கு வரிகள் திரும்ப வரும். அதனால் முதலில் கடிகாரம், பிறகு அமைப்புகள், அதன் பிறகு ப்ராஜெக்ட் என்று வரிசை வைத்தோம்.

இரண்டாவது முடிவு டோக்கன். கிட்ஹப் 2021 ஆகஸ்ட் 13-இலிருந்து கிட் வேலைகளுக்குக் கடவுச்சொல்லை ஏற்பதில்லை. கடவுச்சொல்லுக்குப் பதிலான ரகசியக் குறியீடுகளான டோக்கனோ எஸ்எஸ்ஹெச் சாவியோ வேண்டும். வெள்ளி இரவு அவர் டோக்கனைக் கொடுத்தது, எதிர்முனையைச் சரிபார்க்காத இணைப்பில், பிஜியில் எல்லோரும் பகிரும் வைஃபையில். யாரும் எடுத்திருக்க வாய்ப்பு குறைவுதான். ஆனால் அந்த டோக்கன் அவருடைய பயிற்சிக் கோப்புகளை மட்டும் அல்ல, நிறுவனத்தின் கோப்புகளையும் திறக்கும். ரத்து செய்து புதியது எடுக்க ஐந்து நிமிடம். அதை யோசிக்கவே தேவையில்லை.

மூன்றாவது, ஏற்கெனவே இறக்கிய ப்ராஜெக்டை வைத்துக்கொள்ளலாமா என்பது. அதில் கொஞ்சம் விவாதம் நடந்தது. என்பிஎம்மின் லாக் கோப்பில் (பொதிகளின் பட்டியல்) ஒவ்வொரு பொதிக்கும் ஹேஷ் (கைரேகை போன்ற அடையாளக் குறி) இருக்கிறதே, யாராவது பொதியை மாற்றியிருந்தால் அதுவே காட்டிக்கொடுக்காதா என்று அவர் கேட்டார். நல்ல கேள்வி என்று மனசு நிறைந்தது. ஆனால் அந்த லாக் கோப்பே சரிபார்க்காத இணைப்பில்தான் இறங்கியது. அதனால் ப்ராஜெக்டையே அழித்துவிட்டு முதலிலிருந்து இறக்குவது என்று முடிவானது.

எஸ்.பி. ரோடு

அல்சூரிலிருந்து மெட்ரோவில் மெஜஸ்டிக், அங்கே பச்சை வழித்தடத்துக்கு மாறி அடுத்த ஸ்டேஷன் சிக்பேட். மாலை ஐந்து மணிக்கு ஒரு சின்ன ரிப்பேர் கடையில் உட்கார்ந்திருந்தோம். கடைக்காரர் பின்மூடியைக் கழற்றி, கருப்பு ரப்பர் உறைக்குள் இருந்த நாணய அளவு செல்லை எடுத்தார். அதிலிருந்து சிவப்பும் கருப்புமாக இரண்டு மெல்லிய கம்பிகள். மல்டிமீட்டரை வைத்தார்; 0.9 வோல்ட். 3 வோல்ட் இருக்க வேண்டும். "ஸெல் ஹோகிதெ அக்கா" (செல் போய்விட்டது) என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, எங்கள் பேச்சைக் கேட்டுத் தமிழுக்கு மாறினார். லேப்டாப்பின் பெரிய பேட்டரியில் துளி சார்ஜ் இருக்கும்வரை கடிகாரத்துக்கு அதுவே மின்சாரம் கொடுக்கும், அது முழுக்க இறங்கும்போதுதான் இந்தச் செல்லின் தயவு வேண்டும் என்றார். கடையில் காட்டியபோது தேதி சரியாக இருந்ததும், கரண்ட் போன இரவில் தவறியதும் அதனால்தான்.

புதுச் செல் 150 ரூபாய். மாட்டியதும் பெரிய பேட்டரி இணைப்பைக் கழற்றி ஐந்து நிமிடம் விட்டு, திரும்ப மாட்டி ஆன் செய்யச் சொன்னேன். கருப்புத் திரையில் எந்த வரியும் வரவில்லை. தேதி தவறாமல் சரியாகவே இருந்தது. அந்தப் பெண்ணின் விரல் எஃப்1 மேலேயே இருந்தது; சிரித்துக்கொண்டே எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை

நான்கு அமைப்புகளையும் அவரே தேடி நீக்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், கீபோர்டைத் தொடவில்லை. சரிபார்ப்பு உண்மையில் திரும்பிவிட்டதா என்று அறிய ஒரு சோதனை செய்தோம்: வேண்டுமென்றே தேதியை 2018-க்கு மாற்றி, கிட், என்பிஎம், பிப் மூன்றையும் ஓட்டினோம். மூன்றும் மறுத்தன. தேதியைத் திருத்தினோம், மூன்றும் ஓடின. பழைய டோக்கனை ரத்து செய்து, புதியதைப் போட்டு, ப்ராஜெக்டை மறுபடி இறக்கி, மதியம் ஒரு மணிக்கு அது ஓடியது.

பின்னர் நடந்தது

திங்கட்கிழமை அலுவலகத்தில் அவருக்கும் மற்ற பயிற்சியாளர்களுக்கும் ஒரு புதுச் சான்றிதழ்ப் பிழை வந்தது. அந்த அலுவலக நெட்வொர்க், வெளியே போகும் இணைப்புகளைப் பிரித்துப் பார்த்துத் தன் சொந்தச் சான்றிதழை இடையில் வைக்கிறது. பல நிறுவனங்களில் இது வழக்கம். பக்கத்து இருக்கைக்காரர் ஒருவர் என்பிஎம்மில் சரிபார்ப்பை அணைக்கும் அதே வரியைச் சொல்லியிருக்கிறார். இவர் அதைப் போடவில்லை. முதலில் தேதியைப் பார்த்திருக்கிறார், சரியாக இருந்தது. பிழையை முழுசாகப் படித்திருக்கிறார். இந்த முறை அது 'இன்னும் செல்லுபடியாகவில்லை' அல்ல, 'சங்கிலியில் தானே கையெழுத்திட்ட சான்றிதழ்', அதாவது அலுவலகம் தனக்குத் தானே வழங்கிக்கொண்டது. அலுவலகத்தின் ரூட் சான்றிதழ் (மற்றவற்றுக்குக் கையெழுத்திடும் மூலச் சான்றிதழ்) கோப்பை ஐடி ஆளிடம் கேட்டு வாங்கி, நோடுக்குக் கூடுதல் சான்றிதழைக் காட்டுவதற்கென்றே இருக்கும் சூழல் மாறியில் அதன் இடத்தைக் கொடுத்திருக்கிறார். கிட்டுக்கும் பிப்புக்கும் அதே கோப்பு. மாலையில் போன் செய்து இதைச் சொன்னார்.

இனி மாற்றிச் செய்யப்போவது

யார் வந்து 'ஓடவில்லை' என்றாலும் நான் இனி ரீஸ்டார்ட் என்று தொடங்க மாட்டேன். திறந்திருப்பதையெல்லாம் முதலில் பார்ப்பேன். இப்போது ஓடாதது எது என்பதோடு, இதுவரை எதையெல்லாம் சரிசெய்தாய் என்றும் கேட்பேன். அந்தக் கேள்வியைச் சனி காலையிலேயே கேட்டிருந்தால், சான்றிதழ் விஷயம் ஒரு சுவிட்ச் அணைந்த தற்செயலில் தெரியவேண்டியிருந்திருக்காது. ஆன்டிவைரஸ் மேல் பழி போடும் முன், ப்ராஜெக்ட் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று பார்ப்பேன்.

அவர் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். அமைப்பில் எதை மாற்றினாலும் தேதி, என்ன மாற்றினேன், ஏன், பலித்ததா என்று எழுதுகிறார். பலிக்காததை அன்றே திருப்பிவிடுகிறார். பழைய லேப்டாப் வாங்கப் போகும் தோழிகளிடம், கடையிலேயே பேட்டரியைக் கழற்றி மாட்டித் தேதியைப் பார்க்கச் சொல்கிறாராம்.

கோவை அண்ணனிடம் நானே பேசினேன். நல்ல மனுஷர், ராத்திரி பன்னிரண்டு மணிவரை தூங்காமல் தங்கைக்கு உதவியவர். அந்த நான்கு வரிகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டபோது, கல்லூரியில் படிக்கையில் ஹாஸ்டல் நெட்வொர்க்கில் இதே மாதிரிப் பிழை வந்ததென்றும், சீனியர் ஒருவர் சொல்லிக்கொடுத்ததென்றும் சொன்னார். கொஞ்சம் மௌனமாக இருந்துவிட்டு, "ஒரு நிமிஷம் இருங்கக்கா" என்றார். கீபோர்டு சத்தம் கேட்டது. அவருடைய லேப்டாப்பிலும் அந்த வரி இன்னும் இருந்தது. அன்று இரவே எடுத்துவிட்டு, தன் டோக்கன்கள் எல்லாவற்றையும் மாற்றினார்.